சாலமன் லிண்டாவும் 'ம்பூபே' பாட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த சாலமன் லிண்டா?

தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த, சூலு இனப் பாடகர். 1909-இல் பிறந்து 1962-இல் இறந்தார். பகலெல்லாம் மரச்சாமான் கடை, ஓட்டல், இசைத்தட்டுத் தொழிற்சாலை என்று கூலி வேலை. வார இறுதியில் பாட்டு. 1939-இல் அவர் பதிவு செய்த ஒரு பாட்டின் பெயர் 'ம்பூபே'. சூலு மொழியில் சிங்கம் என்று பொருள். அந்தப் பாட்டைக் காதில் வாங்காதவர்கள் உலகத்தில் அபூர்வம். பாடியவர் பெயர் தெரிந்தவர்களும் அபூர்வம்தான்.

நான் அதைக் கேட்டிருக்கிறேனா?

டிஸ்னியின் 'லயன் கிங்' படம் பார்த்திருந்தால் கேட்டிருப்பீர்கள். டிமோனும் பும்பாவும் காட்டுக்குள் நடந்துகொண்டே பாடுவார்களே, 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்', அதுதான். 1994 படத்தில் ஒரு துணுக்காக வரும். 2019-இல் எடுத்த படத்தில் இன்னும் கொஞ்சம் நீளமாக வரும். படம் பார்க்காதவர்கள்கூட 'அ-விமோவே, அ-விமோவே' என்ற அந்தப் பல்லவியை எங்காவது ஒரு விளம்பரத்திலோ செல்போன் ரிங்டோனிலோ கேட்டிருப்பார்கள்.

லிண்டா என்பது பெண் பெயர் இல்லையா?

ஆங்கிலத்தில் பெண் பெயர். இங்கே அது குடும்பப் பெயர், சூலு சொல். 'காத்திரு', 'காவல் இரு' என்ற இரண்டு அர்த்தமும் அதற்கு உண்டு. அவருடைய குலப்பெயர் ன்ட்செலே. சில இடங்களில் சாலமன் ன்ட்செலே என்றும் எழுதுவார்கள். இரண்டும் ஒருவரேதான்.

அவர் ஊர் எது?

அன்றைய நேட்டால் மாகாணத்தில், போமராய் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ம்சிங்கா என்ற பகுதி. இன்று அந்த மாகாணத்தின் பெயர் குவாசூலு-நேட்டால். நம் ஆட்கள் 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன அதே நேட்டால்தான். ஆனால் கரும்பு கடலோரத்தில். ம்சிங்கா உள்ளே தள்ளி இருக்கிறது, கல்லும் முள்மரமும் மழைக்கு ஏங்கும் மண்ணுமாக. கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிவிடப்பட்ட நிலம். விளைச்சல் போதாது, வரி கட்டப் பணம் வேண்டும், அதனால் ஆண்கள் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் போய்த்தான் ஆக வேண்டும் என்று ஏற்பாடு.

சின்ன வயதில் லிண்டா மாடு மேய்த்தார். கன்றுகளைச் சிங்கத்திடமிருந்து காத்த அந்த நாட்களின் நினைவில்தான் பாட்டு பிறந்தது என்று சொல்வார்கள். அப்புறம் மிஷன் பள்ளிக்கூடம். அங்கே தேவாலயப் பாட்டை நான்கு குரலாகப் பிரித்துப் பாடக் கற்றார். கல்யாண வீடுகளில் பாடிய சூலு பாட்டு ஒரு காதில், அமெரிக்காவிலிருந்து வந்த துள்ளல் தாளம் இன்னொரு காதில். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அவர் பாட்டு.

ஜோகன்னஸ்பர்க்கில் என்ன செய்தார்?

1931-இல் போய்ச் சேர்ந்தார். முதலில் ஒரு மரச்சாமான் கடையில் வேலை. அவருடைய மாமன்மார் நடத்திய 'ஈவினிங் பேர்ட்ஸ்' என்ற குழுவில் பாடினார். 1933-இல் அது கலைந்துவிட்டது. கார்ல்டன் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஊர்க்காரர்களையும் நண்பர்களையும் சேர்த்து அதே பெயரில் தன் குழுவைத் தொடங்கினார்.

மொத்தம் ஆறு பேர். லிண்டா உச்சக்குரல், இரண்டு பேர் நடுக்குரல்கள், மிச்சம் மூன்று பேர் அடிக்குரல். குழுவில் பாதி அடிக்குரல் என்பதைக் கவனியுங்கள். தேவாலயக் குழுக்களில் இப்படிப் பார்க்க முடியாது. கீழே மூன்று பேர் தூண் மாதிரி நிற்க, மேலே லிண்டா தன் கள்ளக்குரலில் இஷ்டத்துக்குப் பறக்கலாம். பின்னால் வந்த சூலு குழுக்கள் எல்லாம் இந்த அமைப்பைத்தான் பிடித்துக்கொண்டன.

உடுப்பையும் சொல்ல வேண்டும். கோடு போட்ட கோட் சூட், உருண்டைத் தொப்பி, பளபளக்கும் ஷூ. வாரம் முழுக்க எடுபிடி வேலை செய்கிறவர்கள் சனிக்கிழமை இரவு துரைமார் மாதிரி வந்து நிற்பார்கள். அந்த மிடுக்குக்காகவே கூட்டம் கூடும்.

பாட்டு பதிவானது எப்படி?

1938-இல் லிண்டா கேலோ என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஆலையில் தட்டுகளைப் பொதி கட்டும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே திறமையாளர்களைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பில் இருந்தவர் கிரிஃபித்ஸ் மோட்சியெலோவா. பொதி கட்டுகிறவர் பாடுவார் என்று அவருக்குத் தெரியவந்தது. 1939-இல் ஸ்டூடியோவுக்கு அழைத்தார்.

முதல் டேக் சரியாக வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. மோட்சியெலோவா வெளியே போய் வராந்தாவில் இருந்த பியானோக்காரர், கிட்டார்க்காரர், பான்ஜோக்காரர் மூவரையும் உள்ளே இழுத்து உட்காரவைத்தார் என்பது சொல்லப்படும் கதை. பதிவில் அந்த வாத்தியங்கள் மெலிதாகக் கேட்கின்றன. மூன்றாவது டேக் பிடித்துக்கொண்டது. கீழே ஐந்து பேரும் 'ம்பூபே… ஊயிம்பூபே' என்று ஒரே சுற்றில் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். மூன்றே மூன்று சுரக்கூட்டு. அதற்கு மேலே லிண்டா வார்த்தையே இல்லாமல் ஓலமிடுகிறார், அலைகிறார், இறங்குகிறார். ஒத்திகை பார்த்து வைத்தது இல்லை, அந்த நிமிடத்தில் தோன்றியது. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து விடாமல் ஒலிக்க, மேலே ஆலாபனை ஓடுமே, கிட்டத்தட்ட அந்த உறவு.

பாட்டு முடியப்போகும் நேரத்தில் அவர் வாயிலிருந்து பதினைந்து சுரம் கொண்ட ஒரு சின்ன மெட்டு வந்தது. பிற்பாடு அமெரிக்காவில் 'இன் தி ஜங்கிள், தி மைட்டி ஜங்கிள்' என்று வார்த்தை போட்டது அந்த மெட்டுக்குத்தான்.

அப்படியானால் இது நாட்டுப்புறப் பாட்டா, அவருடைய சொந்தப் பாட்டா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் இடம் என்றால் இதைத்தான் வைப்பேன்.

பாணி நாட்டுப்புறப் பாணி. குரல்களைப் பிரிக்கும் முறை, கூப்பிட்டால் பதில் சொல்லும் அமைப்பு எல்லாம் ஊர்ப் பொது. பாட்டு அவருடையது. இதில் யாருக்கும் குழப்பம் வந்திருக்கத் தேவையில்லை, இசைத்தட்டிலேயே அவர் பெயர் இருந்தது. ஆனால் தட்டு கடல் தாண்டியதும் அமெரிக்கப் பதிப்பாளர்களுக்கு அது 'ஆப்பிரிக்க நாட்டுப்பாட்டு' ஆகிவிட்டது. நாட்டுப்பாட்டு என்று சொல்லிவிட்டால் அதற்கு ஆசிரியர் கிடையாது. ஆசிரியர் இல்லை என்றால் பணம் கொடுக்க ஆள் இல்லை. யார் முதலில் 'இசை அமைப்பு: நான்' என்று எழுதிப் பதிவு செய்கிறாரோ அவருக்கே வருமானம்.

வெள்ளைக்காரர் ஒருவர் பியானோ முன் உட்கார்ந்து போட்டால் அது படைப்பு, சூலு தொழிலாளி ஒருவர் மைக் முன் நின்று போட்டால் அது மரபு. சொல்லாமலே எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்கள். லிண்டாவை நாட்டுப்புறக் கலைஞர் என்று அழைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தப் பட்டம் அவர் சட்டைப்பையிலிருந்து எவ்வளவு எடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாட்டை 10 ஷில்லிங்குக்கு விற்றுவிட்டார் என்கிறார்களே?

ஆமாம். 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு. பாட்டின் உரிமை அரை பவுண்டுக்குக் கேலோவிடம் போனது. தட்டு 1940-களின் முடிவுக்குள் ஆப்பிரிக்காவில் சுமார் 1,00,000 பிரதி விற்றது. அன்று கறுப்பினப் பாடகர்களுக்கு ராயல்டி என்ற பேச்சே கிடையாது. பாடினாயா, கையில் வாங்கிக்கொள், போ. லிண்டாவுக்கு எழுதப் படிக்கச் சரளமாக வராது. அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு விளக்க யாரும் இல்லை.

ஊரில் மட்டும் அவர் பெரிய ஆள். ஈவினிங் பேர்ட்ஸ் 1948-இல் கலையும்வரை அவர்களை அடிக்கக் குழு இல்லை. அந்தப் பாட்டின் பெயரே அந்தப் பாணிக்குப் பெயரானது. 'ம்பூபே பாடுகிறோம்' என்றால் இப்படிக் கூட்டாகப் பாடுகிறோம் என்று அர்த்தம்.

'விமோவே' என்பது என்ன மொழி?

எந்த மொழியும் இல்லை, காது செய்த பிழை. தென்னாப்பிரிக்கத் தட்டுகள் சில நியூயார்க்குக்கு வந்திருந்தன. நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அவற்றைத் தன் நண்பரான அமெரிக்கப் பாடகர் பீட் சீகரிடம் கொடுத்தார். 1949, 1950 வாக்கில் நடந்தது இது. சீகர் அப்போது சளி பிடித்துப் படுத்திருந்தாராம். தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு எழுதினார். 'ஊயிம்பூபே' (நீ ஒரு சிங்கம்) என்பது அவர் காதில் 'அ-விமோவே' என்று விழுந்தது. அப்படியே எழுதிவிட்டார்.

'ம்பூபே' என்பது ஆங்கிலக்காரர்களுக்குக் கஷ்டம். நமக்குச் சுலபம். கம்பு, அம்பு என்று சொல்கிற நாக்குக்கு 'ம்பூ' ஒரு பிரச்சினையே இல்லை.

பீட் சீகர் திருடிவிட்டாரா?

ஒரே சொல்லில் ஆம், இல்லை என்று சொல்ல மாட்டேன். அவருடைய குழுவான வீவர்ஸ் பாடிய 'விமோவே' 1952-இல் அமெரிக்காவில் பிரபலமானது. ஆசிரியர் என்று போட்ட பெயர் 'பால் கேம்பெல்'. அப்படி ஓர் ஆளே கிடையாது, குழுவினர் பொதுவில் வைத்துக்கொண்ட புனைபெயர். பாட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு என்று தெரிந்ததும், லிண்டாவுக்கு 1,000 டாலர் அனுப்பச் சொன்னார் சீகர். தன் பங்கும் அவருக்கே போகட்டும் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டதாகப் பின்னாளில் கூறினார். சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று தொடர்ந்து பார்க்கவில்லை என்பதை அவரே வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். கெட்ட எண்ணம் இல்லை என்று நம்புகிறேன். ஆனால் அந்தக் கவனக்குறைவின் விலையைக் கொடுத்தது லிண்டா வீட்டார்.

'தூங்கும் சிங்கம்' எப்போது வந்தது?

1961-இல். டோக்கன்ஸ் என்ற இளைஞர் குழுவுக்காக ஜார்ஜ் டேவிட் வெய்ஸ் ஆங்கில வரிகள் எழுதினார். ஹியூகோ பெரெட்டி, லூயிஜி கிரியேட்டோர் இருவரும் தயாரிப்பாளர்கள். லிண்டா போகிற போக்கில் விட்ட அந்த மெட்டை எடுத்துப் பாட்டின் முகப்பில் வைத்தது வெய்ஸின் கெட்டிக்காரத்தனம், அதை மறுக்கக் கூடாது. ஆனால் ஆசிரியர் என்று இந்த மூவர் பெயர்தான் பதிவானது, லிண்டா பெயர் இல்லை. இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்ட பாட்டு அது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் போய், மூன்று வாரம் அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் பாடிவிட்டார்கள். 1982-இல் டைட் ஃபிட் குழுவின் பதிவு பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது.

(சிங்கம் அடர்ந்த காட்டில் வாழும் பிராணி இல்லை, புல்வெளிப் பிராணி. லிண்டாவுக்கு அது தெரியும்.)

அப்போது லிண்டா எங்கே இருந்தார்?

ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய, கறுப்பின மக்கள் குடியிருந்த சொவேட்டோவில். கேலோவின் கிடங்கில் தரை கூட்டி, தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். 1949 வாக்கில் ரெஜினாவைத் திருமணம் செய்துகொண்டார், பிள்ளைகள் பிறந்தார்கள். வீட்டுக்குள் மண் தரை, சாணம் மெழுகியது. சோளமாவுக் களியும் கோழிப் பாதமும்தான் பெரும்பாலும் சாப்பாடு. ஒரு குழந்தை போதிய உணவில்லாமல் இறந்துபோனது. பாடுவதை மட்டும் அவர் விடவில்லை. ஒருநாள் மேடையிலேயே விழுந்தார். சிறுநீரகம் பழுது. வீட்டார் யாரோ சூனியம் வைத்துவிட்டதாக நினைத்தார்கள்.

1962-இல் இறந்தார். டோக்கன்ஸ் பாட்டு முதலிடம் பிடித்து ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. வங்கிக் கணக்கில் 25 டாலர்கூட இல்லை. கல்லறைக்கு ஒரு கல் வைக்கக் குடும்பத்துக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

விஷயம் வெளியே வந்தது எப்படி?

தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ரியான் மாலன் 2000-இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். யாரிடமிருந்து யாருக்கு உரிமை போனது, ஒவ்வொரு கையிலும் எவ்வளவு ஒட்டியது என்று நூல் பிடித்துக்கொண்டே போனார். 'லயன் கிங்' வழியாக மட்டும் அந்தப் பாட்டு சுமார் 1.5 கோடி டாலர் ஈட்டியிருக்கும் என்பது அவர் போட்ட கணக்கு. லிண்டாவின் மகள்களுக்கு இடையில் வந்ததெல்லாம் சில்லறைத் தொகை. நால்வரில் அடிலெய்ட் 2001-இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார்.

உரிமையை விற்ற பிறகு லிண்டாவின் வாரிசுகளால் டிஸ்னி மீது வழக்கு எப்படிப் போட முடிந்தது?

இதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். ஓவன் டீன் என்ற காப்புரிமை வழக்கறிஞர் பழைய சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டம் அன்றைய பேரரசு முழுக்க, தென்னாப்பிரிக்காவிலும், அமலில் இருந்தது. அதில் ஒரு விதி: ஆசிரியர் உயிரோடு இருக்கும்போது உரிமையை யாருக்கு விற்றிருந்தாலும் சரி, அவர் இறந்து 25 ஆண்டுகள் கழிந்ததும் அது வாரிசுகளுக்கே திரும்பிவிடும். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் பெயரைச் சொல்லி 'டிக்கன்ஸ் விதி' என்பார்கள்.

1962-உடன் 25-ஐக் கூட்டுங்கள். 1987. அந்த ஆண்டு முதல் பேரரசின் பழைய நாடுகளில் 'ம்பூபே'யின் உரிமை லிண்டாவின் வாரிசுகளுடையது. 'லயன் கிங்' வந்தது 1994-இல். காலனி ஆட்சி போட்ட சட்டமே காலனி ஆட்சியில் ஏமாந்தவரின் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது.

மிக்கி மவுஸை ஜப்தி செய்தார்கள் என்பது உண்மையா?

ஏறக்குறைய உண்மை. டிஸ்னி ஓர் அமெரிக்க நிறுவனம், அதைத் தென்னாப்பிரிக்க நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டுமானால் அந்நாட்டில் அதற்கு ஏதாவது சொத்து இருக்க வேண்டும். கட்டடமோ நிலமோ இல்லை, வணிகச் சின்னங்கள் இருந்தன. மிக்கி மவுஸ் உட்பட 200-க்கும் மேற்பட்ட சின்னங்களை 2004-இல் நீதிமன்றம் வழக்குக்குப் பிணையாகக் கட்டிப்போட்டது. டிஸ்னி தரப்பில் ஒரு நியாயமும் உண்டு: அவர்கள் அபிலீன் மியூசிக் என்ற பதிப்பகத்திடம் முறைப்படி உரிமம் வாங்கித்தான் பாட்டைப் பயன்படுத்தினார்கள். ஆனால் மிக்கி மவுஸ் மாட்டிக்கொண்டால்தானே செய்தி!

கடைசியில் எவ்வளவு கிடைத்தது?

2006 பிப்ரவரியில், விசாரணை தொடங்குவதற்குச் சற்று முன்பு, அபிலீனோடு சமரசம் ஆனது. 1987 முதல் பாட்டு பயன்பட்டதற்கு ஒரு தொகை, இனி வருவதில் ஒரு பங்கு, இரண்டையும் வாங்கிப் பிரிக்க ஓர் அறக்கட்டளை. தொகையை வெளியே சொல்லவில்லை. லிண்டா இணை இசையமைப்பாளர் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. 1987-க்குமுன் போன நாற்பது, ஐம்பது ஆண்டு வருமானம் போனதுதான்.

இசிகதமியா என்கிறார்களே, அது வேறா?

அதுவும் சூலு மக்கள் கூட்டாகப் பாடும் ஒரு பாணி, 'ம்பூபே'யின் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் 'க' என்று போட்டிருக்கிறேன், உண்மையில் அது சூலு மொழியின் சொடுக்கு ஒலி. நாம் 'அடடா' என்று உச்சுக் கொட்டும்போது நாக்கு பல்லில் ஒட்டி எழும் சத்தம்தான். நமக்கு அது இரக்கம், அவர்களுக்கு அது ஓர் எழுத்து.

சொல்லின் வேர், பூனை மாதிரி ஓசையில்லாமல் அடி வைப்பது. சுரங்கத் தொழிலாளர் விடுதிகளில் இரவில் பாடி ஆடினால் காவலாளி வந்துவிடுவான், அதனால் நுனிக்காலில் ஆடப் பழகினார்கள் என்பது விளக்கம். சனிக்கிழமை இரவு தொடங்கிப் பொழுது விடியும்வரை போட்டி. பழைய நாட்களில் பரிசு பெரும்பாலும் ஓர் ஆடு. நடுவராகத் தெருவில் போகிற, சூலு தெரியாத ஒருவரைக் கூட்டிவந்து உட்காரவைக்கும் வழக்கமும் இருந்தது. மொழி தெரியாதவனுக்கு எந்தக் குழு எந்த ஊர் என்று தெரியாது, பாரபட்சம் வராது.

இந்த மரபை உலகத்துக்குக் கொண்டுபோனவர் ஜோசப் ஷபாலாலா. அவருடைய லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழு 1986-இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' தொகுப்பில் பாடியது. பிறகு ஐந்து கிராமி விருதுகள். ஷபாலாலா 2020-இல் மறைந்தார். லேடிஸ்மித் என்ற ஊர், லிண்டா பிறந்த பகுதிக்கு ரொம்பத் தூரமில்லை.

மஸ்கந்தியும் இதுவும் ஒன்றா?

இல்லை. மஸ்கந்தி தனியாள் கிட்டாரோடு பாடுவது, நடந்துகொண்டே வாசிப்பது. பாடுகிறவர் தன் குலத்தின் பெருமையை இடையில் வேகமாகச் சொல்லிக்கொண்டு போவார். 'சர்க்கரை குடிப்பவர்' என்று பொருள்படும் புசுஷுகேலா என்ற பெயரில் பாடிய ஜான் பெங்கு அதற்கு முன்னோடி. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

எதில் தொடங்கிக் கேட்பது?

1939 பதிவில். மூன்று நிமிடம்கூட வராது. தேய்ந்த தட்டின் கரகரப்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா 1960-இல் பாடியது, அப்புறம் வேண்டுமானால் டோக்கன்ஸ்.

முதல் முறை கேட்கும்போது அந்தப் பிரபல மெட்டு எப்போது வரும் என்று காத்திருப்பீர்கள். வராது. அடிக்குரல்கள் சுற்றிக்கொண்டே இருக்கும், லிண்டா மேலே எங்கெங்கோ போய்க்கொண்டிருப்பார். வேறு பாட்டைப் போட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வரும் நேரத்தில், ஒரே ஒருமுறை, அவசரமில்லாமல் அதைப் பாடுவார். அது முடிந்து கொஞ்ச நேரத்தில் தட்டும் முடிந்துவிடும்.